ஓப்பன்வர்ட் ஏற்றிய ரவுட்டரில் வைஃபை சிக்னல் குறைந்தால்: எங்கிருந்து தேடத் தொடங்குவது

ரவுட்டருடன் வந்த மென்பொருளை நீக்கிவிட்டு, ஓப்பன்வர்ட் என்ற இலவச மாற்று மென்பொருளை ஏற்றியவர்கள் பலர் விரைவிலேயே சொல்லும் குறை ஒன்று உண்டு: முன்பு படுக்கையறை வரை வந்த வைஃபை இப்போது கூடத்தைத் தாண்டுவதில்லை. சில வீடுகளில் சிக்னல் உண்மையாகவே குறைந்திருக்கும். சில வீடுகளில் ஓர் அமைப்பை நிரப்பாமல் விட்டதே காரணமாக இருக்கும். வேறு சில வீடுகளில் சிக்னல் நன்றாகவே இருக்க, பக்கத்து வீட்டு ரவுட்டர்களின் இரைச்சல் அதை மூழ்கடித்துக்கொண்டிருக்கும். மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு என்பதால், 'டிரான்ஸ்மிட் பவர்' கட்டத்தில் பெரிய எண்ணைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பு, பலவீனம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதை அளந்து தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே சொல்லப்படுபவை ஓப்பன்வர்ட்டையும், உலாவியில் திறக்கும் அதன் அமைப்புப் பக்கமான லூசியையும் வைத்து எழுதப்பட்டவை; டிடி-டபிள்யூஆர்டி என்ற இன்னொரு மாற்று மென்பொருளைப் பயன்படுத்துவோருக்குப் பக்கங்களின் பெயர்கள் மாறுமே தவிர, சோதிக்கும் வரிசை மாறாது.

இரு முனையிலும் அளப்பது

லூசியில் நெட்வொர்க், பிறகு வயர்லெஸ் என்று சென்றால், பக்கத்தின் கீழ்ப்பகுதியில் 'அசோசியேட்டட் ஸ்டேஷன்ஸ்' என்ற பட்டியல் இருக்கும். இணைந்துள்ள ஒவ்வொரு கருவிக்கும் நேராகச் சிக்னல் அளவும் இரைச்சல் அளவும் டிபிஎம் என்ற சிக்னல் வலுவின் அலகில் தரப்பட்டிருக்கும். உங்கள் கைபேசியை ரவுட்டர் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பதையே இந்த எண் காட்டுகிறது. ரவுட்டரைக் கைபேசி எவ்வாறு கேட்கிறது என்பதை அறிய, கைபேசியில் வைஃபை அளக்கும் செயலி ஒன்றை நிறுவிப் பார்க்க வேண்டும். இரண்டு எண்களையும் ரவுட்டரிலிருந்து இரண்டு மீட்டர் தொலைவில் ஒரு முறையும், குறை சொல்லப்படும் அறையில் ஒரு முறையும் குறித்துக்கொள்ளுங்கள். கைபேசியை ஒரே உயரத்தில், ஒரே விதமாகப் பிடித்து அளப்பது முக்கியம். உள்ளங்கை ஆன்டெனாவை மறைத்தாலே எண் பல டெசிபல் இறங்கிவிடும்.

இந்த அளவுகள் எதிர்ம எண்களாக இருப்பதால், பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சிக்னல் வலுவானது என்று பொருள். இரண்டு மீட்டர் தொலைவில், இடையே சுவர் எதுவும் இல்லாதபோது, -30 முதல் -45 வரை இருப்பது இயல்பு. -67 வரை வீடியோ அழைப்புகள் தடையின்றி நடக்கும். -75க்குக் கீழே இழுபறி தொடங்கும். -80ஐத் தாண்டினால் இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும். சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் இடையே 25 டெசிபலாவது இடைவெளி இருந்தால்தான் நல்ல வேகம் கிடைக்கும் என்பதால், சிக்னல் எண்ணை மட்டும் தனியே பார்த்து முடிவுக்கு வரக் கூடாது.

இரண்டு மீட்டரிலேயே -60 அல்லது அதைவிட மோசமாக இருந்தால் சுவர்களைப் பழிப்பதில் பயனில்லை. ஆன்டெனா, ரேடியோவின் அளவீட்டுத் தரவு (பின்னால் விளக்கப்படும்) அல்லது மென்பொருள் ஆகியவற்றில்தான் கோளாறு இருக்க வேண்டும். அருகில் நன்றாக இருந்து, தொலைவில் மட்டும் இரு முனைகளிலும் ஒரே அளவில் சரிந்தால், அது சுவரும் தொலைவும் செய்யும் வேலை. கைபேசி ரவுட்டரை நன்றாகக் கேட்க, ரவுட்டர் மட்டும் கைபேசியைக் கேட்கத் திணறினால், ரவுட்டரின் பவரை உயர்த்துவது எந்த நன்மையும் தராது. ஆசிரியர் எவ்வளவு உரக்கப் பேசினாலும் கடைசி பெஞ்சு மாணவரின் குரல் அதனால் கூடிவிடாது அல்லவா? கைபேசியின் அனுப்பும் திறன் ரவுட்டரைவிடக் குறைவு என்பதால், இரு எண்களுக்கும் இடையே சிறிய வேறுபாடு இருப்பது குறையன்று.

நாட்டுக் குறியீடும் பவரும்

ஓப்பன்வர்ட்டைப் புதிதாக ஏற்றியதும் வயர்லெஸ் பொதுவாக அணைந்தே இருக்கும். அதை இயக்கும் அவசரத்தில் பலர் 'கன்ட்ரி கோட்' கட்டத்தை நிரப்பாமல் விட்டுவிடுகிறார்கள். அப்போது எல்லா நாடுகளுக்கும் பொதுவான, மிகக் கட்டுப்பாடான விதித்தொகுப்பை, வைஃபை சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவர் எடுத்துக்கொள்ளக்கூடும், 2.4 ஜிகாஹெர்ட்ஸில் பவர் 20 டிபிஎம்முக்குள் அடங்கிவிடும். 5 ஜிகாஹெர்ட்ஸில் அணுகல் புள்ளி, அதாவது கருவிகள் இணையும் வைஃபை வலை, தொடங்காமலேயே போகலாம். 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு ரேடியோக்களுக்கும் தனித்தனியே, 'அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்' பகுதியில் இந்தியாவைத் தேர்ந்தெடுத்துச் சேமித்த பிறகு, பவர் கட்டத்தின் உச்ச எண் மாறுகிறதா என்று பாருங்கள். நம் நாட்டில் உரிமமின்றி வைஃபைக்குப் பயன்படுத்தத்தக்க 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகள் 2018ஆம் ஆண்டு அறிவிக்கையின் மூலம் கணிசமாக விரிந்தன. ஆகவே பழைய பதிப்பு மென்பொருளை இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தால், அதில் உள்ள விதித்தொகுப்பும் பழையதாக இருக்கக்கூடும்.

கூடுதல் பவர் கிடைக்கும் என்று வேறொரு நாட்டின் குறியீட்டைப் போடச் சொல்லும் யோசனையை நான் ஏற்பதில்லை. அது இங்குள்ள விதிக்குப் புறம்பாகப் போகலாம் என்பது ஒருபுறம். பெரும்பாலும் அதனால் எதுவும் கிடைப்பதில்லை என்பது மறுபுறம். 20 டிபிஎம் என்பது 100 மில்லிவாட். 23 டிபிஎம் என்பது ஏறத்தாழ 200 மில்லிவாட். திறனை இரட்டிப்பாக்கினாலும் கிடைப்பது 3 டெசிபல்தான். ஒரு செங்கல் சுவர் அதைவிட அதிகமாக விழுங்கிவிடும். மேலும், சிப்பின் வரம்பை ஒட்டி இயக்கும்போது அலை சிதைவதால், அதிவேக நிலைகள் முதலில் பாதிக்கப்படும். லூசி காட்டும் பவர் எண்ணையும் முழுமையாக நம்ப வேண்டியதில்லை. சில சிப்களில் டிரைவர் அதைத் தவறாகச் சொல்வதுண்டு. இரண்டு மீட்டர் தொலைவில் கைபேசி காட்டுவதே நம்பத்தக்க சாட்சி.

சேனல் நெரிசல்

திருவல்லிக்கேணியின் ஒட்டிய வீடுகளாயினும், வேளச்சேரியின் அடுக்குமாடிக் குடியிருப்புகளாயினும், 2.4 ஜிகாஹெர்ட்ஸில் காலியான சேனல் (அலைவரிசையின் ஒரு கூறு) கிடைப்பது அரிது. லூசியில் ஸ்டேட்டஸ் பகுதியில் உள்ள 'சேனல் அனாலிசிஸ்' பக்கத்தைத் திறந்தால், சுற்றியுள்ள வலைகள் எந்தெந்தச் சேனலில் எவ்வளவு வலுவாக உள்ளன என்பது படமாகத் தெரியும். மாலையில் எல்லாரும் வீட்டில் இருக்கும் நேரத்தில் இதைப் பார்ப்பது நல்லது. ஒன்றின் மீது ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 என்ற மூன்றுதான். நெரிசலுக்குப் பயந்து 3, 4 என்று இடையில் உட்கார்ந்தால் இரு பக்க இரைச்சலும் வந்து சேரும். சேனல் அகலத்தை 2.4இல் 20 மெகாஹெர்ட்ஸிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அகலத்தை இரட்டிப்பாக்கும் ஒவ்வொரு முறையும் ஏற்கும் இரைச்சல் 3 டெசிபல் கூடும். எனவே 5 ஜிகாஹெர்ட்ஸிலும் தூரத்து அறை எட்டவில்லையென்றால், 80இலிருந்து 40க்கு இறக்கிப் பார்ப்பது பவரை உயர்த்துவதைவிடப் பயனுள்ள சோதனை.

பலரும் கவனிக்காமல் விடும் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ஃபைபர் இணைப்புடன் தரப்படும் பெட்டியிலேயே வைஃபை இருக்கும். அதன் பக்கத்திலேயே உங்கள் ரவுட்டரையும் வைத்துவிட்டு, அந்தப் பெட்டியின் வைஃபையை அணைக்காமல் விட்டால், ஓரடி தொலைவில் இரண்டு ரேடியோக்கள் நாள் முழுவதும் மோதிக்கொண்டிருக்கும். நிறுவனத்தின் பெட்டிக்குள் நுழையக் கடவுச்சொல் இல்லையென்றால், அவர்களது வாடிக்கையாளர் சேவையை அழைத்து அணைக்கச் சொல்லலாம்.

5 ஜிகாஹெர்ட்ஸில் 36 முதல் 48 வரையிலும், 149 முதல் 161 வரையிலும் உள்ள சேனல்கள் தொல்லையற்றவை. 52 முதல் 144 வரையிலானவற்றில் ரேடார் இருக்கிறதா என்று ரவுட்டர் முதலில் செவிமடுக்க வேண்டும் என்பதால், அலை வெளிவரக் குறைந்தது ஒரு நிமிடமாவது ஆகும். சில டிரைவர்கள் இல்லாத ரேடாரை இருப்பதாக எண்ணிச் சேனலை விட்டு ஓடும். சிஸ்டம் லாகில் ரேடார் என்ற சொல் தென்பட்டால், சேனலை 36க்கு மாற்றிவிடுங்கள்.

பெட்டிக்குள்ளும் பெட்டியைச் சுற்றியும்

அருகிலேயே சிக்னல் குறைவாக இருப்பவர்கள் முதலில் ரவுட்டரின் அடியில் உள்ள ஒட்டுத்தாளைப் படிக்க வேண்டும். ஒரே பெயரில் விற்கப்படும் ரவுட்டரின் வெவ்வேறு பதிப்புகளில் வெவ்வேறு சிப்கள் இருக்கும். எடுத்துக்காட்டாக டிபி-லிங்கின் ஆர்ச்சர் சி6 மாடலின் இரண்டாம் பதிப்பில் குவால்காம் சிப்பும், மூன்றாம் பதிப்பில் மீடியாடெக் சிப்பும் உள்ளன. பதிப்பு தவறிய கோப்பு சில வேளைகளில் இயங்கிவிடும்; ஆனால் சிப்புக்கு வெளியே இருந்து சிக்னலைக் கூட்டும் பவர் பெருக்கியை எப்படி இயக்குவது என்பது அதற்குத் தெரியாது. பிராட்காம் சிப் உள்ள பல ரவுட்டர்களுக்கு ஓப்பன்வர்ட்டில் வைஃபை ஆதரவு குறைவு. அவற்றில் அமைப்புகளை மாற்றி மாற்றிப் பார்ப்பதைவிட, டிடி-டபிள்யூஆர்டி கிடைக்கிறதா என்று பார்ப்பதோ பழைய மென்பொருளுக்குத் திரும்புவதோ நேரத்தை மிச்சப்படுத்தும்.

ஒவ்வொரு ரவுட்டருக்கும் தொழிற்சாலையில் தனியாக அளந்து எழுதப்பட்ட ரேடியோ அளவீட்டுத் தரவு, ஃபிளாஷ் நினைவகத்தில் ஒரு தனிப் பகுதியில் இருக்கும். அதெரோஸ் சிப் வழிவந்த ரவுட்டர்கள் பலவற்றில் 'ஆர்ட்' என்றும், மீடியாடெக் ரவுட்டர்கள் பலவற்றில் 'ஃபேக்டரி' என்றும் அதற்குப் பெயர். முழு ஃபிளாஷையும் அழித்து எழுதும் முறையில் மென்பொருள் ஏற்றியவர்களுக்கு இந்தப் பகுதி அழிந்திருக்கலாம். அப்போது வைஃபை இயங்கினாலும் தூரம் மிகக் குறைந்திருக்கும். ரவுட்டரின் மேக் முகவரி (கருவியின் தனி அடையாள எண்) ஒட்டுத்தாளில் உள்ளதோடு பொருந்தாமல் போவது இதற்கு நல்ல அடையாளம். இன்னொரு ரவுட்டரின் தரவை எடுத்து ஒட்டினால் ஓரளவு வேலை செய்யும், ஆனால் முன்பிருந்த துல்லியம் வராது. எனவே மென்பொருளை மாற்றுவதற்கு முன்பே இந்தப் பகுதியைக் கணினியில் சேமித்து வைப்பதே உண்மையான பாதுகாப்பு.

பழுதான மென்பொருளை மீட்க உதவும் சீரியல் முனையை இணைக்க மூடியைத் திறந்தவர்கள், உள்ளே பலகையில் பொருந்தும் சிறிய ஆன்டெனா இணைப்பான்கள் கழன்றிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அவை பாதி கழன்றிருந்தாலும் கண்ணுக்குச் சரியாகவே தெரியும். கழற்றி மாட்டும் ஆன்டெனா உள்ளவர்கள் சென்னை ரிச்சி தெருவில் மாற்று வாங்கும்போது, முனையின் நடுவில் கவனம் வைக்க வேண்டும். பெரும்பாலான ரவுட்டர்களின் முனையில் நடுவே ஊசி இருக்கும். ஆகவே ஆன்டெனாவில் துளை இருக்க வேண்டும். இரண்டிலும் ஊசி இருந்தாலும் திருகு ஏறிவிடும், ஊசி நசுங்குவது வெளியே தெரியாது. 9 டிபிஐ (ஆன்டெனா அலையைக் குவிக்கும் அளவு) போன்ற பெரிய ஆன்டெனாவைக் கடைக்காரர் பரிந்துரைத்தாலும் சற்று யோசியுங்கள்: அது அலையைக் கிடைமட்டமாகத் தட்டையாக்குவதால், அதே தளத்தில் தூரம் கூடும், மாடி அறைக்கு முன்பைவிடக் குறையும்.

ரவுட்டரில் யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க் மாட்டியிருந்தால், அதைக் கழற்றிவிட்டு இரைச்சல் எண்ணை மீண்டும் பாருங்கள். அதன் மின்காந்த இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸில் விழும் என்பது 2012இலேயே இன்டெல் வெளியிட்ட ஆவணத்தில் விளக்கப்பட்ட ஒன்று. தேவையைவிடக் குறைந்த ஆம்பியர் தரும் அடாப்டரும் ரேடியோவைத் தள்ளாட வைக்கும். மூடிய டிவி அலமாரிக்குள்ளும், பரண்மேலும் வைக்கப்பட்ட ரவுட்டர் சென்னையின் மே மாதத்தில் எவ்வளவு சூடாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. வெப்பம் ஏறும்போது அனுப்பும் நேரத்தைத் தாமாகவே குறைத்துக்கொள்ளும் சிப்கள் உண்டு. பகலில் மோசமாகவும் விடியற்காலையில் நன்றாகவும் இருந்தால் முதலில் காற்றோட்டத்தைச் சரிசெய்யுங்கள்.

சுவர்தான் காரணம் என்று உறுதியானால்

ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்கள், கான்கிரீட் தூண்கள், நடுவே ஓர் இரும்பு பீரோ என்று அமைந்த வீட்டில் எந்த மென்பொருளும் அதிசயம் செய்யாது. ரவுட்டரை வாசலோரத்து ஃபைபர் பெட்டியை விட்டு நகர்த்தி, வீட்டின் நடுவில் தோளுயரத்தில், பீரோவும் கண்ணாடியும் மறைக்காத இடத்தில் வைப்பதே முதல் வேலை. அதுவும் போதாதென்றால் பழைய ரவுட்டர் ஒன்றிலும் ஓப்பன்வர்ட் ஏற்றி, பழைய கேபிள் டிவி குழாய் வழியாக லேன் கேபிள் இழுத்து, இரண்டாவது அணுகல் புள்ளியாக்கிக்கொள்ளலாம். கம்பியின்றி அலையைப் பிடித்து மறு ஒலிபரப்பும் ரிப்பீட்டர் முறையில், ஒரே ரேடியோ இரு வேலையையும் பார்ப்பதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

இரண்டாவது ரவுட்டரில், கருவிகளுக்கு ஐபி முகவரி வழங்கும் டிஎச்சிபி வசதியை அணைத்து, முதல் ரவுட்டரின் வரிசையிலேயே வேறொரு ஐபி முகவரியைக் கொடுத்து, கேபிளை இணைய இணைப்புக்கான வான் துளையில் அன்றி லேன் துளையில் செருகுங்கள். இரண்டிலும் பெயரும் கடவுச்சொல்லும் ஒன்றாகவும், சேனல் வேறாகவும் இருக்கட்டும். இந்த நிலையில் இரண்டின் பவரையும் சற்றுக் குறைக்க வேண்டியிருக்கும். இல்லையென்றால் உள்ளறைக்குச் சென்ற பிறகும் கைபேசி கூடத்து ரவுட்டரையே பிடித்துக்கொண்டிருக்கும். 802.11ஆர் என்ற விரைவு மாற்ற வசதியை இதற்குப் பிறகு இயக்கலாம். பழைய பிரிண்டர்களும் சில மலிவான ஸ்மார்ட் பிளக்குகளும் அதனோடு ஒத்துப்போவதில்லை என்பதால், அவற்றுக்கென 2.4 ஜிகாஹெர்ட்ஸில் அந்த வசதி இல்லாத தனிப் பெயர் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.