பெடல் என்றாலே 16 அடியா?

தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பன் தேவாலயத்தில் இப்போது மூன்று இளைஞர்கள் மாறி மாறி ஆர்கன் வாசிக்கிறார்கள். பாமாலைப் பாட்டுகள் நன்றாகவே போகின்றன. இக்கால இசை என்று ஒன்றைக் கையிலெடுத்தால்தான், இருபது வருடம் முன்பு நான் விழுந்த குழியில் வரிசையாக விழுகிறார்கள். ஷூ வழுக்குகிறது, தாளம் ஓடுகிறது என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. பழகப் பழகச் சரியாகிவிடும். மற்ற தவறுகளைத்தான் சொல்கிறேன்.

பழக்க தோஷத்தில் பெடல் ஸ்டாப்

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது, முதலில் என் மேலேயே. பிரெஞ்சு இசையமைப்பாளர் மெசியான் 1928இல் எழுதிய ‘ல பாங்கே செலெஸ்த்’ (விண்ணக விருந்து) திருவிருந்து நேரத்துக்கென்றே அமைந்த மாதிரி இருக்கும். மொத்தம் 25 பார்தான் (தாளக் கட்டங்கள்), ஆனால் அத்தனை மெதுவாக நகர்வதால் ஆறேழு நிமிடம் பிடிக்கும். கைகள் இரண்டும் மெல்லிய ஸ்டாப்களில் (ஸ்டாப் என்பது ஒரு குழாய் வரிசையை ஒலிக்கவைக்கும் இழுப்பான்) நீண்ட கார்டுகளை, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரங்களை, பிடித்திருக்க, கால்கள் பெடல் என்ற கால் விசைகளில் உயர்ந்த ஸ்தாயியில் ஒரு மெட்டைச் சொட்டுச் சொட்டாக வாசிக்க வேண்டும். நீர்த்துளி மாதிரி என்று அவரே குறித்திருக்கிறார். அதற்காகத்தான் பெடலுக்கு 4 அடியும் அதைவிடச் சிறிய ஸ்டாப்களும் கேட்கிறார்.

அடி என்பது குழாய் நீளக் கணக்கு. 8 அடி ஸ்டாப் எழுதிய சுரத்திலேயே ஒலிக்கும். 16 அடி ஒரு ஸ்தாயி கீழே, 4 அடி ஒரு ஸ்தாயி மேலே. நான் மூன்று மாதம் பழகி, யூரோவில் விலை கொடுத்து வாங்கிய நோட்ஸை விரித்து, வழக்கமான பிஸ்டனை (முன்பே குறித்துவைத்த ஸ்டாப்களை ஒரேயடியாக இழுக்கும் பொத்தான்) அழுத்திவிட்டு உட்கார்ந்தேன். அதில் பெடல் போர்டன் என்ற 16 அடி ஸ்டாப் இருந்தது. துளி விழவேண்டிய இடத்தில் வயிறு உறுமிற்று. போதகர் ஐயர் அப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆர்கன் பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் மறக்கவில்லை.

போன மாதம் ஒரு பையன் அதையே செய்தான். கேட்டால், “அங்கிள், பெடல்னா 16 அடி வேணாமா?” என்கிறான். இந்த இடத்தில் வேண்டாம், தம்பி. பெடலில் சின்ன ஸ்டாப் இல்லையா? சரி, பெடல் ஸ்டாப் எல்லாவற்றையும் உள்ளே தள்ளிவிடு. கைகளை ஸ்வெல் என்ற விசைப்பலகையில் வைத்துக்கொள். கிரேட் என்ற மற்ற விசைப்பலகையில் 4 அடி ஃப்ளூட்டும் 2 அடியும் மட்டும் இழுத்து, கப்ளர் என்ற இணைப்பைப் போட்டுப் பெடலோடு சேர். ஸ்வெல் கப்ளரை மறந்தும் தொடாதே. எங்களுடையதுபோல இரண்டே மேனுவல் (கை விசைப்பலகை) உள்ள ஆர்கனிலும் இது நடக்கும்.

நிறுத்தும் இடம் தெரியாமல் தொடங்குவது

திருவிருந்துக்கு வந்தவர்கள் முப்பதே பேர் என்றால் நாலாவது நிமிடத்தில் எல்லாரும் இடத்துக்குத் திரும்பியிருப்பார்கள். எங்கே முடித்தால் காதுக்கு உறுத்தாது என்று இரண்டு இடத்தில் பென்சிலால் குறித்துவையுங்கள். கச்சேரியில் இந்தத் தொல்லை இல்லை.

டிசம்பரில் ரீட் ஸ்டாப்

நமக்குக் கிறிஸ்மஸ் கோடையில் வருகிறது. வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் சாதாரணக் குழாய்களின் சுருதி ஏறத்தாழ 3 சென்ட் (சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) ஏறும். நாக்கு வைத்த ரீட் குழாய்கள் அந்த அளவுக்கு நகராது. செப்டம்பரில் இழைந்திருந்த டிரம்பெட் என்ற ரீட் ஸ்டாப் டிசம்பரில் தனியாக அழும். இக்கால இசையின் நெருக்கமான கார்டுகளில், எழுதிய உரசல் எது, வெயில் கொண்டுவந்தது எது என்று யாருக்கும் தெரியாது. ஆராதனைக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய், ஜனங்கள் வந்து உட்கார்ந்தால் என்ன சூடு இருக்குமோ அதை மனதில் வைத்துக் கேட்டுப் பாருங்கள். ஒத்துவராவிட்டால் ரீட் வேண்டாம்.

டிரான்ஸ்போஸ் பொத்தான்

எலெக்ட்ரானிக் ஆர்கன் என்றால், சுருதியை ஏற்றி இறக்கும் இந்தப் பொத்தான் உட்கார்ந்ததும் பூஜ்ஜியத்துக்கு வரவேண்டும்.

நகல் எடுப்பது

மெசியான் இறந்தது 1992இல். தென்னாப்பிரிக்கச் சட்டப்படி 2042 முடியும்வரை காப்புரிமை உண்டு. வாங்குங்கள்.

கரண்டை நம்புவது

இசையமைப்பாளர் லிகெட்டி 1962இல் முடித்த ‘வொலூமினா’ என்ற ஆர்கன் படைப்பின் கடைசியில், விசைகளை அழுத்தியபடியே காற்று மோட்டாரை நிறுத்த வேண்டும். ஒலி தொய்ந்து தொய்ந்து அடங்கும். லோட்ஷெடிங் (மின்வெட்டு) காலத்தில் எங்களுக்கு அது இலவசமாகக் கிடைத்தது, அதுவும் ஸ்தோத்திரப் பாட்டின் நடுவில். “ஆர்கனுக்கு மயக்கமா?” என்று முன்வரிசை ஆன்ட்டி ஒருவர் கேட்டார். அன்றிலிருந்து பழைய கால்மிதி ஆர்மோனியத்தைத் தூசி தட்டிப் பக்கத்திலேயே வைத்திருக்கிறோம்.