கிழக்கே ஏரி: குமரி மாவட்டத்திலிருந்து சிகாகோ போகிறவர்களுக்கு

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கமிருந்து மகன், மகள் வீட்டுக்கென்று சிகாகோ போகும் பெற்றோரில் பலர் அந்த ஊரை முறையாகப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். வாரநாளில் பிள்ளைகளுக்கு வேலை. சனி, ஞாயிறு கோயிலுக்கும் கடைக்கும் சரியாகிவிடும். ஆனால் திசையும் முகவரிக் கணக்கும் பிடிபட்டுவிட்டால், யாரையும் எதிர்பார்க்காமல் ரயிலேறிப் போய்வரக்கூடிய ஊர் அது.

திசையும் முகவரியும்

இல்லினாய் மாநிலத்தின் வடகிழக்கு மூலையில், மிச்சிகன் ஏரியின் தென்மேற்குக் கரையில் சிகாகோ இருக்கிறது. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 27 லட்சத்துக்கு மேல். நியூயார்க், லாஸ் ஏஞ்சல்ஸுக்கு அடுத்த மூன்றாவது பெரிய அமெரிக்க நகரம். ஏரியின் பரப்பு சுமார் 58,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் பாதிக்குச் சற்றுக் குறைவு. மறுகரை தெரியாது, அலை அடிக்கும், மணற்கரையும் உண்டு. ஆனால் நன்னீர். உப்புவாடை இல்லை, ஏற்றவற்றம் கண்ணுக்குத் தெரியாது.

நம் மாவட்டத்துக்குக் கடல் மேற்கிலும் தெற்கிலும். அங்கே தண்ணீர் கிழக்கில் மட்டும். எங்கே நின்றாலும் ஏரி எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள், அது கிழக்கு. தண்ணீரில் சூரியன் உதிப்பதைப் பார்க்கலாம். மறைவதைப் பார்க்க முடியாது.

ஸ்டேட் தெருவும் மேடிசன் தெருவும் வெட்டிக்கொள்ளும் முக்குதான் பூஜ்ஜியம். அங்கிருந்து வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என எண்கள் ஏறும். 800 எண் போனால் ஒரு மைல், அதாவது 1.6 கிலோமீட்டர். இந்தியக் கடைகள் நிறைந்த டெவான் அவென்யூ 6400 வடக்கு. 6400-ஐ 800-ஆல் வகுத்தால் 8; நகர மையத்திலிருந்து எட்டு மைல். வெஸ்டர்ன் அவென்யூ 2400 மேற்கு, ஆக மூன்று மைல். வரைபடம் இல்லாமலே தூரம் தெரிந்துவிடும். தெற்கே முதல் மூன்று மைலுக்கு மட்டும் கணக்கு மாறும்: ரூஸ்வெல்ட் சாலை (1200) ஒரு மைல், செர்மாக் சாலை (2200) இரண்டு, 31-ஆம் தெரு மூன்று.

பிசகுவது இரண்டு இடத்தில். ஒன்று, முகவரியில் வடக்கா தெற்கா என்ற ஒற்றை எழுத்தை விட்டுவிடுவது. 1200 வடக்கும் 1200 தெற்கும் வெவ்வேறு மூலைகள். இரண்டாவது, ரயில் நிலையப் பெயர்கள். ‘வெஸ்டர்ன்’ என்ற பெயரில் ஐந்து நிலையங்கள் உண்டு, அதில் இரண்டு ஒரே நீலத் தடத்தில். சாலையின் பெயரையே நிலையத்துக்கு வைப்பதால் வரும் வினை இது. பேரப்பிள்ளைக்கு போன் செய்தால் நிலையத்தின் பெயரோடு தடத்தின் நிறத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ரயிலுக்கும் பேருந்துக்கும் வென்ட்ரா அட்டை ஒன்றே போதும். ஏறும்போது மட்டும் தட்ட வேண்டும், இறங்கும்போது தேவையில்லை. மாறி ஏறும்போதும் முதலில் தட்டிய அட்டையையே தட்டுங்கள். வேறு அட்டை என்றால் முழுக்கட்டணம் மறுபடி பிடிக்கும். ஓஹேர் விமான நிலையத்திலிருந்து நகர மையத்துக்கு நீலத் தட ரயில் இரவு பகலாக ஓடுகிறது; சுமார் முக்கால் மணி நேரம்.

ஊர் அங்கே ஏன் வந்தது

இந்த இடத்தில் ஒரு பெரிய நகரம் எழ ஒரே காரணம், தாழ்ந்து கிடந்த ஒரு சேற்று நிலம். ஏரியில் கலந்த சிகாகோ ஆற்றுக்கும், மேற்கே மிசிசிப்பி நோக்கி ஓடும் டெ ப்ளெய்ன்ஸ் ஆற்றுக்கும் நடுவே சில மைல் ஈரநிலம்தான். பூர்வகுடிகள் அந்தத் தூரத்துக்கு வள்ளத்தைத் தோளில் சுமந்து கடந்தார்கள். வெள்ளம் வந்தால் சுமக்கவும் வேண்டாம், துழாவியே போகலாம். 1673-இல் ஜோலியே, மார்க்கெட் என்ற இரு பிரெஞ்சுக்காரர்களுக்கு அந்த வழியைக் காட்டியவர்கள் பூர்வகுடிகளே. இங்கே ஒரு கால்வாய் வெட்டினால் போதும் என்று ஜோலியே அப்போதே கணித்தார்.

பூர்வகுடி அல்லாதவர்களில் முதலில் நிலையாகக் குடியேறியவர் ஜான் பாப்டிஸ்ட் பாயிண்ட் டு சாபிள் என்ற கறுப்பின வணிகர். மனைவி கிடிஹாவா, பொட்டாவாட்டமி இனத்தவர். 1780-களில் ஆற்றின் வாயில் வீடும் பண்ணையும் அமைத்து, 1800-இல் விற்றுவிட்டுப் போனார். 1803-இல் அமெரிக்கப் படை அங்கே டியர்பார்ன் கோட்டையைக் கட்டியது. 1812 போரில் அது அழிந்தது, 1816-இல் மீண்டும் எழுந்தது. 1833 ஒப்பந்தத்தில் பொட்டாவாட்டமி மக்கள் நிலத்தை இழந்து மிசிசிப்பிக்கு மேற்கே அனுப்பப்பட்டார்கள். அதே ஆண்டு சில நூறு பேரோடு சிற்றூராகவும், 1837-இல் நகரமாகவும் சிகாகோ பதிவானது. ஜோலியே சொன்ன கால்வாய் 1848-இல் திறந்தது. முதல் ரயிலும் அதே ஆண்டில்தான் ஓடியது. தானியமும் மரமும் கால்நடையும் வந்து குவியத் தொடங்கின.

1871 அக்டோபர் 8-இல் பிடித்த தீ இரண்டு நாள் எரிந்தது. சுமார் 300 பேர் மாண்டார்கள், ஒரு லட்சம் பேர் வீடிழந்தார்கள். இடிபாடுகளை ஏரியோரத்தில் கொட்டினார்கள். மிச்சிகன் அவென்யூ ஒரு காலத்தில் கரையோரத் தெரு. இன்று அதற்குக் கிழக்கே தெரியும் பூங்கா நிலமெல்லாம் ஏரியைத் தூர்த்து எடுத்ததே. நகரத்தின் கழிவு ஆற்றில் விழுந்து, ஆறு ஏரியில் கலக்க, குடிநீரும் அதே ஏரியிலிருந்து. அதனால் 45 கிலோமீட்டர் கால்வாய் வெட்டி 1900-இல் ஆற்றின் ஓட்டத்தையே திருப்பிவிட்டார்கள். பாலத்தில் நின்று பாருங்கள், தண்ணீர் ஏரியை விட்டு விலகி ஓடும்.

ஒரு நாள் நடை

மிச்சிகன் அவென்யூவில் டு சாபிள் பாலத்தில் தொடங்குங்கள். வடகரையில் அவருடைய மார்பளவுச் சிலை. தென்கரை நடைபாதையில் பித்தளைப் பட்டைகள் பதித்திருக்கும். கோட்டை நின்ற எல்லை அதுதான்; குனிந்து பார்க்காவிட்டால் மிதித்துக்கொண்டே போய்விடுவோம். தெற்கே நடந்தால் வலப்பக்கம் 1897-இல் நூலகமாகக் கட்டிய கல்ச்சுரல் சென்டர். கண்ணாடிக் குவிமாடம் கண்கொள்ளாத அழகு. அனுமதி இலவசம், கழிப்பறையும் உண்டு. எதிரே மில்லேனியம் பூங்கா. மும்பையில் பிறந்த அனிஷ் கபூர் செய்த, பயறு வடிவ எஃகுச் சிற்பம் அங்கேதான். காலை எட்டு மணிக்குப் போனால் கூட்டம் இருக்காது.

அடுத்தது ஆர்ட் இன்ஸ்டிட்யூட், 111 தெற்கு மிச்சிகன். பாலத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள். குமரிக்காரர்கள் தவறவே விடக்கூடாத இடம். 1892 டிசம்பரில் நம் பாறையில் தியானம் செய்த விவேகானந்தர், 1893 செப்டம்பர் 11-இல் உலகச் சமய மாநாட்டில் பேசியது இந்தக் கட்டடத்தில்தான். உலகக் கண்காட்சியையொட்டி மாநாடு நடந்ததால், பலர் கண்காட்சி நடந்த ஜாக்சன் பூங்காவுக்குப் போய்த் தேடுகிறார்கள். அது தெற்கே ஏழு மைல் தள்ளி. மாநாடு அங்கே நடக்கவில்லை. அவர் பேசிய தற்காலிகக் கூடம் இப்போது கிடையாது. அந்த இடத்தில் ஃபுல்லர்டன் அரங்கம் இருக்கிறது. வாசலில் படம் எடுத்துக்கொள்ளும் இரண்டு வெண்கலச் சிங்கங்கள் 1894-இல் வந்தவை, அவர் அவற்றைப் பார்த்திருக்க மாட்டார்.

உள்ளே ஆசியக் கலைப் பகுதியைக் கேட்டுப் போங்கள். நாகப்பட்டினத்திலிருந்து வந்த 12-ஆம் நூற்றாண்டுக் கருங்கல் புத்தர் இந்த அருங்காட்சியகத்தின் சொத்து. தியானத்தில் அமர்ந்த, ஆள் உயரத்துக்கு நெருங்கிய சிலை. சோழநாட்டில் பௌத்தம் இருந்ததற்கு இதைவிடக் கண்முன்னான சாட்சி வேண்டாம். செவ்வாய், புதன் விடுமுறை. போகுமுன் அன்றைய நேரத்தை ஒருமுறை பாருங்கள்.

கால் ஒத்துழைத்தால் மேற்கே வில்லிஸ் டவர். 110 மாடி, 442 மீட்டர். இதன் கட்டமைப்பை வகுத்தவர் டாக்காவில் பிறந்த ஃபஸ்லுர் ரஹ்மான் கான். ஒன்பது சதுரக் குழாய்களைச் சேர்த்துக் கட்டியதால் காற்றைத் தாங்குகிறது. 103-ஆம் மாடியில் கண்ணாடித் தரை. மேகம் இறங்கிய நாளில் சீட்டு எடுப்பது வீண். தெருவிலிருந்து உச்சி தெரிந்தால் மட்டும் ஏறுங்கள். கட்டடங்களைப் பார்க்க ஆற்றுப் படகுச் சவாரி இதைவிட மேல். ஒன்றரை மணி நேரம், விளக்கம் சொல்லிக்கொண்டே போவார்கள்.

பேரப்பிள்ளைகளோடு என்றால் இலவசமான லிங்கன் பார்க் விலங்குக்காட்சிச்சாலை, டைனோசர் எலும்புக்கூடு நிற்கும் ஃபீல்டு அருங்காட்சியகம். கோயில்கள் லெமான்ட், அரோராவில். இரண்டுக்கும் கார் வேண்டும். தக்கலை மறைமாவட்டத்து சீரோ மலபார் குடும்பங்களுக்கு பெல்வுட்டில் பேராலயம் உண்டு. 2001-இல் அமைந்த சிகாகோ மறைமாவட்டத்தின் தலைமைக் கோயில் அது.

ஏரியிலும் குளிரிலும் கவனம்

குளச்சல், முட்டம் கடலில் நீந்தியவர்களும் ஏரியைக் குறைவாக மதிக்க வேண்டாம். நன்னீரில் உடல் அவ்வளவு மிதக்காது. அலைகள் நெருக்கமாக வருவதால் மூச்சுவிட இடைவெளி கிடைக்காது. பாலத்துறையோரம், தடுப்புச் சுவரோரம் நீரோட்டம் ஆளை இழுக்கும். மே இறுதி முதல் செப்டம்பர் தொடக்கம் வரை, உயிர்காப்பாளர் இருக்கும் இடத்தில் மட்டும் இறங்குங்கள். சிவப்புக் கொடி என்றால் இறங்கவே கூடாது. குளிர்காலத்தில் கரையில் உறைந்திருக்கும் பனித்தட்டின் மேல் கால் வைக்காதீர்கள், அடியில் வெற்றிடம் இருக்கும்.

போக ஏற்ற காலம் ஜூன் முதல் செப்டம்பர் வரை. ஏப்ரலில் ஏரி இன்னும் குளிர்ந்து கிடப்பதால் கரையோரம் மட்டும் சட்டென்று வெப்பம் இறங்கும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருக்கிப் பாயும் காற்றைப் போல, உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே காற்று வேகமெடுக்கும். ஜனவரி இரவுகள் சராசரியாகப் பூஜ்ஜியத்துக்குக் கீழே எட்டு டிகிரி. காற்றோடு சேர்ந்தால் இன்னும் கடுமை. குளிருடுப்பை நாகர்கோவிலில் வாங்காமல் அங்கேயே வாங்குங்கள். காதை மூடும் தொப்பி, கையுறை, வழுக்காத நீர்புகாத காலணி முக்கியம். தெருவில் உப்பு தூவுவார்கள், தோல் செருப்பு ஒரு வாரம் தாங்காது.

பெட்டி கட்டும்போது

திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடா வழியாகப் போவது நமக்கு எளிது. அபுதாபி வழியென்றால் அமெரிக்கக் குடிநுழைவுச் சோதனை அங்கேயே முடிந்துவிடும். அதனால் இடைநேரம் மூன்று மணிக்குக் குறையாத சீட்டாக எடுங்கள். சக்கர நாற்காலி வேண்டுமானால் சீட்டு எடுக்கும்போதே சொல்லிவைக்க வேண்டும்.

மட்டிப்பழம், மாம்பழம், கறிவேப்பிலை, இறைச்சி எதுவும் கொண்டுபோக முடியாது. கறிவேப்பிலையைத் தடுப்பது, எலுமிச்சை இன மரங்களைக் கெடுக்கும் பூச்சி அதில் ஒட்டி வரும் என்பதால். ஏத்தன்காய் சிப்ஸ், முந்திரிக்கொத்து போன்ற பொரித்த பண்டங்களுக்குப் பொதுவாகத் தடையில்லை. மார்த்தாண்டம் தேன் கைப்பையில் இருந்தால் பாதுகாப்புச் சோதனையிலேயே போய்விடும், பெரிய பெட்டியில் நன்றாகச் சுற்றி வையுங்கள். உணவுப்பொருள் இருக்கிறதா என்ற கேள்விக்கு ‘இருக்கிறது’ என்றே சொல்லுங்கள். சொன்ன பொருள் கூடாதென்றால் எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். சொல்லாமல் பிடிபட்டால் அபராதம்.

வீட்டுக்குப் போன் செய்ய: மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை நம் நேரம் பத்தரை மணி முன்னே, மற்ற மாதங்களில் பதினொன்றரை. கோடையில் அங்கே இரவு எட்டு என்றால் இங்கே மறுநாள் காலை ஆறரை.