நாய்க்குப் பொடுகா? ஓட்ஸ் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்

சாதா ஓட்ஸ் ஒரு கைப்பிடி எடுத்து மிக்ஸியில் நைசாக அரைத்து, அரை வாளி வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, நாயைக் குளிப்பாட்டி முடித்ததும் தோலில் இறங்கும்படி ஊற்றித் தேய்த்து, பத்து நிமிஷம் விட்டு அலசிவிடுங்கள். மசாலா ஓட்ஸ் வேண்டாம் சாமி! மாவை ஒரு ஸ்பூன் டம்ளர் தண்ணீரில் போட்டால் பால் மாதிரி கலங்க வேண்டும், அடியில் தங்கினால் இன்னொரு சுற்று அரைக்க வேண்டும்.

ஓட்ஸில் உள்ள பீட்டா குளுக்கன் என்ற நார்ச்சத்து தோலில் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது, அரிப்பும் தணியும். தாராபுரம், பல்லடம் பக்கம் ஆடிக் காற்றிலேயே தோல் காய்ந்து கிடக்கும். அதோடு போர் உப்புத் தண்ணீரில் நாம் போடும் ஷாம்பூவையே வாரா வாரம் போட்டுக் குளிப்பாட்டினால் இருக்கிற எண்ணெய்ப் பசையும் போய்விடும். நம் தோல் அமிலத்தன்மை கொண்டது, நாயின் தோல் அப்படியில்லை, கிட்டத்தட்ட நடுநிலை. அதனால் நம் ஷாம்பூ அதற்கு ஒத்துவராது.

இது வெறும் வறட்சிக்குத்தான். கறுப்புத் துணி விரித்து அதன் மேல் நாயைச் சீவிவிட்டு உற்றுப் பாருங்கள், உதிர்ந்த பொடுகு நகர்ந்தால் அது சிற்றுண்ணி என்ற பொடிப்பூச்சி, வீட்டில் இருப்பவர்களுக்கும் அரிக்கும். வட்ட வட்டமாக முடி கொட்டினாலோ, நாற்றமோ சீழோ இருந்தாலோ ஓட்ஸை வீணாக்காமல் கால்நடை மருத்துவரிடம் கூட்டிப் போய்விடுங்கள்.