எரிந்தால்தான் மருந்தா? புண்ணைக் கழுவுவதில் நாம் செய்யும் தவறுகள்

சின்ன வயதில் சைக்கிளில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தால் வீட்டில் டிஞ்சர் பாட்டிலைத் திறப்பார்கள். பஞ்சில் நனைத்து வைத்ததும் உயிர் போய் உயிர் வரும். "எரியுதா? நல்லது, மருந்து பிடிக்குது" என்பார் பாட்டி. எரிச்சலுக்கும் கிருமி சாவதற்கும் சம்பந்தமில்லை என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. டிஞ்சர் போய் டெட்டால் வந்திருக்கிறதே தவிர, அந்த நம்பிக்கை அப்படியேதான் இருக்கிறது.

புண்ணில் சீழ் பிடிக்காமல் காப்பதில் பெரும்பங்கு தண்ணீருக்குத்தான். மண், கல்துகள், துணி நூல், செத்த சதை இவற்றை ஒட்டித்தான் கிருமிகள் தங்கும். அவை உள்ளே இருக்கும்வரை மேலே எந்த மருந்தை ஊற்றினாலும் பலன் குறைவு. ஆனால் நாம் குழாயடிக்குப் போவதற்குப் பதிலாக மருந்து டப்பாவைத் தேடுகிறோம். "புண்ணுல தண்ணி படக்கூடாது" என்று யாராவது ஒருவர் கூடவே சொல்லுவார். குடிக்கத் தகுந்த குழாய்த் தண்ணீரையும், மருத்துவமனையில் பயன்படுத்தும் கிருமி நீக்கிய உப்புக் கரைசலான சலைனையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில், குழாய்த் தண்ணீரால் கழுவிய சாதாரணப் புண்களில் தொற்று கூடுதலாக வரவில்லை. தொட்டித் தண்ணீர்மேல் சந்தேகமா, கொதிக்க வைத்து ஆறவைத்துக்கொள்ளுங்கள்.

ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தால் கழுவுவது அப்புறம். சுத்தமான துணியை வைத்து பத்து நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பதே பலர் செய்யும் தவறு. உறையத் தொடங்கிய ரத்தம் துணியோடு வந்துவிடும். கண்ணாடி, கம்பி போல ஏதாவது ஆழமாகக் குத்தி நின்றால் பிடுங்காமல் அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கழுவுவதிலும் அளவு இருக்கிறது. பஞ்சில் தொட்டு ஒற்றி எடுப்பது கழுவுவது ஆகாது, பஞ்சின் இழைகள் வேறு புண்ணில் ஒட்டிக்கொள்ளும். ஐந்து நிமிடமாவது தண்ணீர் புண்மேல் ஓட வேண்டும். மருத்துவமனைகளில் ஒரு சென்டிமீட்டர் நீளக் காயத்துக்கு 50 முதல் 100 மில்லி சலைன் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 35 மில்லி சிரிஞ்சில் 19 கேஜ் தடிமனுள்ள ஊசி மாட்டிப் பீய்ச்சினால் கிடைக்கும் அழுத்தம், கிட்டத்தட்ட 8 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 8 பவுண்டு), அழுக்கைப் பெயர்க்கும், சதையைக் கிழிக்காது. வீட்டில் ஊசியெல்லாம் வேண்டாம். சுத்தமான தண்ணீர் பாட்டிலின் மூடியில் ஒரு சின்ன ஓட்டை போட்டு அமுக்கினால் சாதாரணச் சிராய்ப்புக்குப் போதும். ஆணி குத்திய குறுகிய ஓட்டைக்குள் மட்டும் பீய்ச்சக் கூடாது. வெளியேற வழியில்லாத தண்ணீர் அழுக்கை இன்னும் ஆழத்துக்குத் தள்ளிவிடும்.

சரி, மருந்து வேண்டவே வேண்டாமா? வேண்டும்தான், ஆனால் எது, எவ்வளவு என்பதில்தான் கோட்டை விடுகிறோம். கிருமிநாசினிக்குக் கிருமி எது, நம் செல் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. முதல் உலகப் போரின்போது பிரான்ஸின் பூலோன் நகர ராணுவ மருத்துவமனையில் இருந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், பின்னாளில் பென்சிலினைக் கண்டுபிடித்த அதே ஃபிளெமிங், கண்ணாடிக் குழாயை உருக்கி முட்கள்போல இழுத்து, ஆழமான போர்க்காயம் போன்ற ஒரு மாதிரியைச் செய்தார். கிருமியை நிரப்பி, கிருமிநாசினியை ஊற்றிப் பார்த்தார். இடுக்குகளில் இருந்த கிருமிகள் பிழைத்துக்கொண்டன. நிஜக் காயத்திலோ கிருமியோடு சண்டை போட வேண்டிய வெள்ளணுக்களை அந்த மருந்தே கொன்றுகொண்டிருந்தது. நூறு வருடத்துக்கு முந்தைய பாடம். நாம் இன்னும் மூடி மூடியாக டெட்டாலை நேராக ஊற்றுகிறோம். அதில் 4.8 சதவீதம் குளோரோசைலினால் என்ற கிருமிநாசினி இருக்கிறது. தண்ணீரில் கலந்துதான் பயன்படுத்த வேண்டும் என்று லேபிளிலேயே போட்டிருக்கிறது, எழுத்துதான் பொடியாக இருக்கும்.

ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைத்துக்கொண்டு வருவதைப் பார்த்துக் கிருமியெல்லாம் பொங்கிச் சாகிறது என்று நினைக்கிறோம். நம் ரத்தத்திலும் திசுவிலும் இருக்கும் கேட்டலேஸ் என்ற நொதி அதை உடைத்து ஆக்சிஜன் குமிழிகளாக மாற்றுகிறது, அவ்வளவுதான். புதிதாக வளரும் செல்களையும் அது சேர்த்தே அழிக்கும். ஆழமான, மூடிய காயத்துக்குள் செலுத்தினால் வாயுக் குமிழி ரத்தக் குழாய்க்குள் போகும் ஆபத்தும் உண்டு. ஸ்பிரிட் ஊசி போடுமுன் நல்ல தோலைத் துடைக்க மட்டும்தான்.

அயோடின் கலந்த பெட்டாடைன் கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் அதிலும் ஒரு குழப்பம்: சொல்யூஷன் என்று ஒன்று, ஸ்கிரப் என்று ஒன்று. ஸ்கிரப்பில் சோப்பு போன்ற பொருள் கலந்திருக்கும். அறுவை சிகிச்சைக்கு முன் கை கழுவ, நல்ல தோலைத் தேய்க்க. அதைப் புண்ணுக்குள் விடக் கூடாது. வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். சொல்யூஷனைக்கூட, புண்ணைக் கழுவுவதானால், பாலில்லாத லைட் டீ நிறத்துக்கு வரும்வரை சலைனில் கலந்துகொள்வார்கள். அயோடின் உடம்புக்குள் போகும் என்பதால், தைராய்டு பிரச்சினை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் பெரிய புண்களில் தொடர்ந்து போட வேண்டாம்.

அடுத்து அடுக்களை வைத்தியம். காபித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு. மஞ்சளுக்குக் குணம் இருக்கலாம், ஆனால் அஞ்சறைப்பெட்டி மஞ்சள் கிருமி நீக்கியது இல்லை. காபித்தூளை அப்பிக்கொண்டு வந்தால், காயம் எவ்வளவு ஆழம் என்று பார்க்கவே முதலில் அதைச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். அந்த வலி, முதல் வலியைவிட அதிகம். பிறகு, "காத்தாட விடு, சீக்கிரம் காயும்" என்பது. 1962-ல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளில் செய்த சோதனையில், மூடி ஈரம் காத்த காயங்களில் மேல்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாக மூடியது. பொருக்கு தட்டுவதுதான் ஆறுவது என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இது ஆச்சரியமாகவே இருந்தது.

சர்க்கரை நோயாளிகள் காலில் புண் வந்தால் வெந்நீரில் டெட்டால் கலந்து காலை ஊறவைப்பது நம் வீடுகளில் சகஜம். இதை மட்டும் செய்யவே வேண்டாம். உணர்ச்சி மரத்த காலுக்குச் சூடு தெரியாது, வெந்து கொப்பளித்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். ஊறிய தோல் எளிதில் பிளந்து கிருமிக்கு வழிவிடும். புண் சின்னதாகத் தெரிந்தாலும் அன்றைக்கே காட்டிவிட வேண்டும்.

துருப்பிடித்த ஆணி குத்தினால்தான் டெட்டனஸ் வரும் என்பதும் பாதி உண்மை. துரு ஒன்றும் செய்யாது. அந்தக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருக்கிறது. மண் பட்ட காயமாக இருந்து, கடைசியாக டெட்டனஸ் தடுப்பூசி போட்டு ஐந்து வருடம் தாண்டியிருந்தால் மறுபடி போட வேண்டியிருக்கும்.

நாய் கடித்தால் கணக்கே வேறு. சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம், கடிகாரம் பார்த்துக் கழுவ வேண்டும். ரேபிஸ் வைரஸின் மேலுறை கொழுப்பாலானது என்பதால் சோப்பு அதைச் சிதைத்துவிடும். மிளகாய்த்தூள், எண்ணெய், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். இறுக்கிக் கட்டவும் வேண்டாம். நன்றாகக் கழுவிவிட்டோமே என்று தடுப்பூசியைத் தள்ளிப் போடக் கூடாது. அதே நாளில் ஊசி. ரத்தம் வந்த கடியானால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினும் (வைரஸை எதிர்க்கும் ஆயத்த எதிர்ப்புப் புரதம்) வேண்டும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இத்தனை தூரம் கழுவு கழுவு என்று சொன்னதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு: பாம்புக்கடி. அங்கே கழுவ வேண்டாம், கீற வேண்டாம், உறிஞ்சவும் வேண்டாம். கடித்த கையையோ காலையோ அசையாமல் வைத்துக்கொண்டு, விஷமுறிவு மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்கு நேராகப் போய்விட வேண்டும்.