உறைந்த கருவை எழுப்புவது: லேபுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டைப் பக்கம் குழந்தைப்பேறு சிகிச்சை மையங்கள் பெருகியதில் இருந்து, உள்ளூரில் பயோடெக் படித்த பிள்ளைகள் பலர் கரு லேபுக்கு வேலைக்கு வருகிறார்கள். எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள்: ஃப்ரீஸிங் (கருவை உறைய வைப்பது) கஷ்டம், தாயிங் (அதைத் திரும்ப உருக்கி எடுப்பது) சும்மா. என் அனுபவத்தில் இது தலைகீழ். ஃப்ரீஸிங் நன்றாக அமைந்த கருவையும் தாயிங்கில் கெடுக்க முடியும். எங்கே கெடும் என்று தெரிந்தால் தடுக்கவும் முடியும்.

செய்முறைக்கு முன் ஒரு விஷயம். இப்போது எல்லாரும் செய்வது விட்ரிஃபிகேஷன், அதாவது படு வேகமாக உறைய வைக்கும் முறை. 2005-இல் ஜப்பானின் மசாஷிகே குவாயாமா கிரையோடாப் முறையை வெளியிட்ட பிறகு அது உலகெங்கும் பரவியது. ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பட்டையின் நுனியில், ஒரு மைக்ரோலிட்டரில் பத்தில் ஒரு பங்கு திரவத்தோடு கருவை வைத்து, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் முக்குகிறோம். தண்ணீர் பனிக்கட்டியாகாமல் கண்ணாடி போல இறுகிவிடும். எடுக்கும்போது அந்தக் கண்ணாடி மெதுவாக இளகினால் வழியிலேயே பனிப் படிகம் உருவாகி செல்லைக் கிழிக்கும். எலி முட்டைகளில் ஷின்சுகே செகியும் பீட்டர் மேசரும் செய்த ஆய்வுகள் காட்டியது இதைத்தான்: உறைய வைக்கும் வேகத்தைவிட உருக்கும் வேகம்தான் முக்கியம். உருகிய அடுத்த நொடி கதை மாறுகிறது. இப்போது செல்லுக்குள் உறைகாப்பு ரசாயனம் இருக்கிறது, அது வெளியேறுவதற்குள் தண்ணீர் குபுகுபுவென்று உள்ளே பாய்ந்தால் செல் உப்பி வெடிக்கும். ஆகவே முதல் நொடியில் முடிந்த மட்டும் வேகம், அடுத்த பத்து நிமிஷத்தில் முடிந்த மட்டும் நிதானம்.

முதல் படி: முந்தின நாள் சாயங்காலம்

கல்ச்சர் டிஷ்ஷைத் தயாரித்து இன்குபேட்டரில் இரவு முழுக்க வையுங்கள். தம்பதியின் ஒப்புதல் படிவம், எந்த நைட்ரஜன் டாங்க், அதற்குள் பட்டைகள் இருக்கும் எந்தக் குவளை (கேனிஸ்டர்), பட்டையின் நிறம், எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். 2021 ஏ.ஆர்.டி. (செயற்கை முறைக் கருத்தரிப்பு) சட்டப்படி கருவை 10 வருஷத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது, உறைய வைத்த தேதியையும் பாருங்கள். அப்புறம் கருப்பையைத் தயார்படுத்தும் ஹார்மோனான புரோஜெஸ்டெரோனை எந்த நாளில் தொடங்கினார்கள் என்று நர்ஸிடம் கேட்டு நீங்களே எண்ணுங்கள். ஐந்தாம் நாள் கருவுக்குக் கருப்பையும் அதே வயதில் இருக்க வேண்டும். கேஸ் ஷீட்டில் ஒரு நாள் தள்ளி எழுதியிருந்தால், எவ்வளவு அழகாக உருக்கினாலும் பிரயோசனம் இல்லை.

இரண்டாம் படி: சூடு

பெரும்பாலான குறைகள் இங்கேதான். முதல் கரைசலை, அதாவது தாயிங் சொல்யூஷனை, 37 டிகிரியில் வைக்க வேண்டும். பாட்டிலையும் டிஷ்ஷையும் ஒன்றாகவே, கார்பன் டை ஆக்ஸைடு இல்லாத இன்குபேட்டரில், மூடி இறுக்கமாக இருக்கும்படி, குறைந்தது ஒன்றரை மணி நேரம் முன்பே வைத்துவிடுங்கள். கார்பன் டை ஆக்ஸைடு உள்ளதில் வைத்தால் இந்தக் கரைசலின் அமிலத்தன்மை மாறிவிடும், இது வெளிக்காற்றுக்கென்று தயாரித்தது.

இன்குபேட்டர் திரையில் 37 என்று காட்டினால் போதாது. டிஷ்ஷில் ஊற்றிய கரைசல் என்ன சூட்டில் இருக்கிறது என்பதே கேள்வி. மெல்லிய ஊசி முனை உள்ள, சரிபார்த்த தெர்மாமீட்டரை ஒரு ஒத்திகை டிஷ்ஷில் விட்டுப் பாருங்கள். இன்குபேட்டரில் இருந்து மைக்ராஸ்கோப் மேஜைக்கு நடந்து வருவதற்குள், தலைக்கு மேல் ஏ.சி. காற்று நேராக வீசினால், ஒரு மில்லி கரைசல் சட்டென்று ஆறிவிடும். சூடேறும் மேஜைத் தகட்டின் நடுவும் ஓரமும் ஒரே சூட்டில் இருக்காது. எந்த இடத்தில் எவ்வளவு என்று அளந்து மார்க்கரால் வட்டம் போட்டு வையுங்கள், டிஷ் எப்போதும் அந்த வட்டத்தில்தான்.

மற்ற கரைசல்கள் அறைச் சூட்டில், 25 முதல் 27 டிகிரிக்குள். நம்ம ஊரில் 'அறைச் சூடு' என்று வாயால் சொல்லிப் பயனில்லை. சித்திரை வைகாசியில் கரண்ட் போய் ஏ.சி. திரும்ப ஓடுவதற்குள் அறை 30-ஐத் தாண்டும். சுவரில் ஒரு தெர்மாமீட்டர் மாட்டுங்கள். 27-க்கு மேல் என்றால் காத்திருங்கள், கரு டாங்கில்தானே இருக்கிறது, அவசரமில்லை. ஆனிக் காற்றுக்காலத்திலும் ஏ.சி. அறையிலும் டிஷ்ஷைத் திறந்து வைத்தால் நீர் ஆவியாகிக் கரைசல் கெட்டிப்படும். ஆகவே கடைசி நேரம் வரை மூடி.

மூன்றாம் படி: டாங்கில் இருந்து எடுப்பது

இரண்டு பேர் இருக்க வேண்டும். ஒருவர் பெயரும் எண்ணும் உரக்க வாசிக்க, மற்றவர் பட்டையில் உள்ளதைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கேனிஸ்டரை டாங்கின் கழுத்துக்கு மேல் தூக்கக் கூடாது, அதில் மற்றவர்களுடைய கருக்களும் இருக்கின்றன. தேட நேரமானால் திரும்ப இறக்கிவிட்டு, மறுபடி எடுங்கள்.

பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை கட்டாயம். ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாகும். குளிர் போகாமல் இருக்க டாங்க் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்யும் பழக்கம் பார்த்திருக்கிறேன். ஆக்ஸிஜன் அலாரம் இல்லாத அறையில் அது ஆபத்து. நைட்ரஜன் வண்டி பற்றியும் ஒரு வார்த்தை: 2023 டிசம்பர் வெள்ளத்தில் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் சாலைகள் துண்டிக்கப்பட்டன. மழைக்காலத்துக்கு முன்பே இருப்பை நிரப்பி வையுங்கள்.

நான்காம் படி: அந்த ஒரு நொடி

நைட்ரஜன் நிறைந்த சின்னத் தொட்டியை தாயிங் டிஷ்ஷுக்குப் பக்கத்திலேயே வையுங்கள், கை ஒரு சாண் தூரம் நகர்ந்தால் போதும் என்கிற மாதிரி. பட்டையின் மூடியை நைட்ரஜனுக்குள்ளேயே திருகிக் கழற்றி, நுனி கடைசிவரை உள்ளேயே இருக்கட்டும். பிறகு ஒரே வீச்சில் 37 டிகிரி கரைசலுக்குள். நடுவில் நின்று பெயரைப் பார்ப்பது, உதறுவது எல்லாம் கூடாது. பார்க்க வேண்டியதை முன்பே பார்த்தாயிற்று.

இதை வெறும் பட்டையை வைத்துப் பழகுங்கள். கை தானாகப் போகும் வரை பழகுங்கள். பக்கத்தில் ஒருவர் செல்போனில் வீடியோ எடுத்தால், நீங்கள் எங்கே தயங்குகிறீர்கள் என்று தெரியும்.

ஐந்தாம் படி: கரைசல்கள்

கீழே உள்ள நேரங்கள் பரவலாகப் புழங்கும் திறந்த முறைக் கிட்டுக்கானவை (திறந்த முறை என்றால் கரு நேராக நைட்ரஜனைத் தொடுவது). உங்கள் கிட்டில் வேறு போட்டிருந்தால் அதைத்தான் பின்பற்ற வேண்டும்.

தாயிங் சொல்யூஷனில் 1 நிமிஷம். இதில் சுக்ரோஸ், நம்ம சர்க்கரையேதான், 1 மோலார் அளவில் இருக்கிறது. வெளியே சர்க்கரை கெட்டியாக இருப்பதால் தண்ணீர் செல்லுக்குள் பாயாமல் தடுக்கப்படும், உறைகாப்பு ரசாயனம் மட்டும் மெல்ல வெளியேறும். கரு பட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தால் பிப்பெட்டால் குத்தாதீர்கள், பக்கத்தில் கரைசலை மெல்ல ஊதினாலே விலகும்.

அடுத்து டைலுயென்ட், அதாவது நீர்த்த கரைசல், 3 நிமிஷம், சர்க்கரை பாதி. கருவை எடுக்கும்போது கொஞ்சம் பழைய கரைசலையும் பிப்பெட்டில் சேர்த்து எடுத்து, புதிய குழியின் அடியில் முதலில் அதை விட்டு, அதற்குள் கருவை விடுங்கள். அப்போதுதான் மாற்றம் படிப்படியாக நடக்கும். கடைசியாக வாஷிங் சொல்யூஷனில் 5 நிமிஷம், இன்னொன்றில் 1 நிமிஷம். பிறகு இன்குபேட்டர்.

ஒரே கரைசலில் ஒரு நிமிஷம் வைத்து நேராக மீடியாவில் விடும் வேக முறையும் இப்போது பரவுகிறது, நல்ல முடிவுகளும் வெளியாகியிருக்கின்றன. ஆனாலும் புதியவர்கள் நீளமான முறையில் கை பழகிவிட்டு அதற்குப் போவது நல்லது என்பேன்.

ஆறாம் படி: பார்ப்பது

உருகியவுடன் பிளாஸ்டோசிஸ்ட் (நடுவில் குழி விழுந்த ஐந்தாம் நாள் கரு) சுருங்கி, தன்னைச் சுற்றியுள்ள ஓட்டுக்குள் ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடக்கும். பார்த்ததும் பயந்து விடாதீர்கள், அது சாவு அல்ல. செத்த செல் கருத்து, மணல் மணலாக இருக்கும். உயிருள்ளது தெளிவாக, ஓரம் மினுக்கென்று தெரியும். இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்குள் நடுக்குழி மறுபடி விரிய வேண்டும். விரிய ஆரம்பித்தாலே நல்ல அடையாளம்.

அதுவரை வெளியே சங்கரன்கோவில் பக்கத்தில் இருந்து விடியக்காலை பஸ் பிடித்து வந்த மாமியார் யாராவது உங்களை மறித்து, "தாயி, ஐஸ் இளகிட்டா? உசுரு இருக்கா?" என்று கேட்பார். "இப்பதான் எடுத்திருக்கோம் அம்மா, பார்த்துட்டு டாக்டர் சொல்வாங்க" என்று சொல்லுங்கள். சுருங்கிய கருவைப் பார்த்துவிட்டு நல்லா இருக்கு என்றோ, போச்சு என்றோ வாயைத் திறக்காதீர்கள். உயிர் இல்லை என்று தெரிந்தால் உடனே டாக்டருக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்னொரு கருவை எடுப்பதா என்று அன்று காலையிலேயே முடிவு செய்தாக வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் பதிவேடு. யார் உறைய வைத்தார், யார் உருக்கினார், கிட்டின் பேட்ச் எண், கரைசலின் சூடு, அறைச் சூடு, விரிந்த நேரம். 2017-இல் வெளியான வியன்னா வரையறையில் (கரு லேபுகளின் தரத்துக்கு நிபுணர்கள் கூடி வகுத்த அளவுகோல்), உருக்கிய பிளாஸ்டோசிஸ்ட்டில் குறைந்தது 90 சதவீதம் பிழைக்க வேண்டும், எட்ட வேண்டிய உயரம் 99. சின்ன மையத்தில் மாதத்துக்கு ஒரு கரு போனாலே சதவீதம் தடாலென்று இறங்கும், அதனால் மூன்று மாதக் கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். அதிலும் 90-க்குக் கீழ் என்றால், ஆளைக் குறை சொல்வதற்கு முன் பதிவேட்டில் சூடு எழுதிய கட்டத்தையும் பேட்ச் எண்ணையும் பாருங்கள். அவை சரியாக இருந்தால் மட்டும் உறைய வைத்த நாளின் குறிப்புக்குப் போங்கள்.