ஃபிராங்க்ஃபர்ட்டில் முதல் நாள்: எங்கே, எப்போது சாப்பிடுவது?

நம்ம பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் இப்போது ஜெர்மனி போகிறவர்கள் கூடிவிட்டார்கள். நர்ஸ் வேலைக்குப் போன மகளைப் பார்க்க அப்பா அம்மா, படிக்கப் போகும் பையன்கள், இப்படி. நெடும்பாசேரியில் விமானம் ஏறுவதற்கு முன்னால் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: அங்கே எந்த ஓட்டல் நல்லா இருக்கும்? ஓட்டல் பெயரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். போய் இறங்குவது என்ன கிழமை, பசிக்கும்போது அங்கே மணி எத்தனை, இந்த இரண்டையும் முதலில் பாருங்கள்.

கோடையில் ஜெர்மனி நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை. கோடைக் கணக்கை எடுத்துக்கொண்டால் நம்ம மதியம் 1 மணி அங்கே காலை 9.30, நம்ம ராத்திரி 8 மணி அங்கே மாலை 4.30. முதல் சில நாள் வயிறு பாலக்காட்டு நேரத்தில்தான் ஓடும், அதனால் விடிவதற்கு முன்பே முழிப்பு வந்து, சாயங்காலம் நாலரைக்கெல்லாம் சோறு எங்கே என்று கேட்க ஆரம்பித்துவிடும். ஆனால் அங்கே நிறைய ஓட்டல்களில் மதியம் 2, 2.30க்கு அடுப்பை அணைத்தால் மறுபடி மாலை 5.30, 6 மணிக்குத்தான் பற்ற வைப்பார்கள். கதவு திறந்திருக்கும், ஆள் இருக்கும், குடிக்கத் தருவார்கள், சாப்பாடு மட்டும் கிடையாது. நாளைத் திட்டமிடும்போது இந்த இடைவெளியைச் சுற்றித்தான் திட்டமிட வேண்டும்.

காலைக்கு பேக்கரி. பல இடங்களில் 6, 7 மணிக்கே திறந்துவிடும், ரயில் நிலையத்துக்குள் இருப்பவை இன்னும் முன்னால். கண்ணாடிப் பெட்டிக்குள் குட்டி ரொட்டியைக் குறுக்கே வெட்டி நடுவில் சீஸ், அவித்த முட்டை, வெள்ளரித் துண்டு வைத்து வரிசையாக அடுக்கியிருப்பார்கள். பக்கத்திலேயே பன்றி இறைச்சி வைத்ததும் இருக்கும், சைவக்காரர்கள் விரலால் காட்டி ஒரு தடவை கேட்டு வாங்குவது நல்லது. வெண்ணெய் தடவிய பிரெட்சல் (முறுக்கு மாதிரி பின்னிச் சுட்ட ரொட்டி) கிடைத்தால் விடாதீர்கள், மேலே ஒட்டியிருக்கும் உப்புக் கல்லைப் பாதி தட்டிவிட்டுச் சாப்பிட்டால் நம்ம வாய்க்குச் சரியாக இருக்கும். வெறுமனே காபி என்று கேட்டால் கறுப்புக் காபிதான் வரும். பால் காபி பழக்கமுள்ளவர்கள் கப்புசினோ என்று சொல்லிவிடுங்கள்.

பெரிய சாப்பாட்டை மதியம் 12 மணிக்கே முடித்துவிடுங்கள். வேலை நாட்களில் பல ஓட்டல்களில் மதியத்துக்கென்று ஒரு தனி மெனு அட்டை உண்டு, ராத்திரியை விட விலை குறைவு. மெயின் ரயில் நிலையத்திலிருந்து ரோமர்பெர்க் சதுக்கத்துக்கு மெதுவாக நடந்தால் அரை மணி நேரம், அங்கிருந்து கொஞ்சம் வடக்கே போனால் கிளைன்மார்க்ட்ஹாலே என்கிற மூடிய சந்தை. காய்கறி, பழம், சீஸ், மசாலா, ரொட்டி, இறைச்சி எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. ஒரு கடையில் சூடாக வெட்டிக் கொடுக்கும் சாசேஜுக்கு வரிசை நிற்கும். மழை பெய்தாலும் கவலை இல்லை, குடும்பத்தில் ஆளுக்கொரு ருசி என்றால் இதை விட வசதியான இடம் அந்த ஊரில் கிடையாது என்பேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பூட்டியிருக்கும். போகிற நாள் வியாழனோ சனியோ என்றால் பக்கத்தில் கான்ஸ்டாப்லர்வாகே சதுக்கத்தில் விவசாயிகள் சந்தையும் கூடும்.

அந்த ஊரின் சொந்தச் சமையல் சைவக்காரர்களுக்கும் ஒத்துவருவது அதிசயம். 7 வகைப் பச்சிலைகளை நறுக்கிப் புளிப்பான தயிரிலும் கிரீமிலும் கலந்த க்ரூனே சோசே, கூடவே அவித்த உருளைக்கிழங்கும் முட்டையும். ஆறினதாகத்தான் வரும், அதுதான் முறை, சூடாக்கித் தரச் சொல்லாதீர்கள்.

ஆனால் உருளைக்கிழங்கு என்றதும் நம்பிவிடக் கூடாது. வறுத்த உருளையில் பன்றிக் கொழுப்புத் துண்டு கிடக்கும், தென் பகுதி உருளை சாலட்டில் இறைச்சிச் சாறு ஊற்றியிருப்பார்கள், பருப்பு சூப்பில் சாசேஜ் மிதக்கும், சிவப்பு முட்டைக்கோசைக் கூடக் கொழுப்பில் வதக்கியிருக்கலாம். "ஓனே ஃப்ளைஷ், ஓனே ஷ்பெக்" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்: இறைச்சியும் வேண்டாம், பன்றிக் கொழுப்பும் வேண்டாம். செர்ரி வைத்த பிளாக் ஃபாரஸ்ட் கேக்கில் சாராயம் உண்டு, வேண்டாதவர்கள் ஆப்பிள் கேக்கோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கேக் என்றதும் ஞாபகம் வருகிறது, மாலை 3 மணி முதல் 4 வரை அங்கே காபியும் கேக்கும் சாப்பிடுகிற நேரம். அடுப்பு அணைந்திருக்கும் அந்த இடைவெளியை அடைக்க இதுதான் வழி. வயதானவர்களோடு போனால் இன்னொரு லாபம், ரயில் நிலையக் கழிப்பறைக்குக் காசு கொடுக்க வேண்டும், கஃபேயில் சாப்பிட்டவர்களுக்குப் பெரும்பாலும் இலவசம். உட்காருவதும் கழிப்பறையும் ஒரே செலவில் முடிந்துவிடும்.

சாயங்காலம் இரும்புப் பாலம் வழியாக மைன் நதியைத் தாண்டிச் சாக்சன்ஹவுசன் என்கிற பகுதிக்குப் போய், அங்கே ஒரு ஓட்டலில் 6 மணிக்கே உட்கார்ந்துவிட்டால் இடம் கிடைக்கும், வயிறும் திட்டாது. நீள பெஞ்சில் தெரியாதவர்கள் பக்கத்தில் உட்காருவது அங்கே சகஜம். தண்ணீர் கேட்டால் காசுக்குத்தான் வரும், அதுவும் சோடா மாதிரி நுரைத்துக்கொண்டு. "ஷ்டில்லெஸ் வாஸ்ஸர்" என்று கேட்டால்தான் நம்ம ஊர்த் தண்ணீர். பில் வந்தால் 5 முதல் 10 சதவீதம் சேர்த்து, மொத்தத் தொகையைப் பணம் கொடுக்கும்போதே வாயால் சொல்லிவிட வேண்டும், மேசையில் வைத்துவிட்டுப் போகிற வழக்கம் இல்லை. சின்னக் கடைகளில் கார்டு எடுக்காமல் போகலாம், 50 யூரோவாவது சில்லறையாக வைத்திருங்கள்.

ராமசேரி இட்லியும் பொடியும் கட்டிக்கொண்டு போகலாமா என்று ஒரு அக்கா கேட்டார். தாராளமாக. வாழைப்பழமும் தேங்காயும் கூடத் தடை இல்லை. இறைச்சி வறுவல், நெய், பால்கோவா கூடாது, இறைச்சியையும் பால் பொருளையும் வெளிநாட்டிலிருந்து உள்ளே விடமாட்டார்கள். பெட்டியில் அம்மா திணித்த கறிவேப்பிலைக்கும் சான்றிதழ் கேட்பார்கள், எடுத்து வெளியே வைத்துவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை இறங்குகிறவர்களுக்கு: சூப்பர் மார்க்கெட் எல்லாம் மூடியிருக்கும், ரயில் நிலையத்துக்கும் விமான நிலையத்துக்கும் உள்ளே இருப்பவை தவிர. ராத்திரிக்கான ரொட்டி, தயிர், பழத்தை அங்கேயே வாங்கிக்கொண்டு அறைக்குப் போங்கள். ஓட்டல்கள் ஞாயிறு திறந்திருக்கும், அதற்குப் பதிலாகத் திங்கட்கிழமை லீவு விடுகிறவை நிறைய, கிளம்புவதற்கு முன் அந்த ஓட்டலின் இணையப் பக்கத்தில் நேரத்தைப் பார்த்துவிடுங்கள்.