அம்மா விழுந்த பிறகு தேடாதீர்கள்: ஓய்வுப் பராமரிப்பில் ஆட்டிசம் குடும்பங்கள் செய்யும் தவறுகள்

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைநாளில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். இரண்டு இரவுகள் மருத்துவமனை. தம்பிக்கு அப்போது 22 வயது. ஆட்டிசம் உள்ளவன், பேச்சு மிகக் குறைவு. சித்தி ஓடிவந்து பார்த்துக்கொண்டார். இட்லி வைத்தார், தொடவில்லை. தோசை வார்த்தார், தட்டைத் தள்ளிவிட்டான். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மறுநாள் மதியம் நான் பெங்களூரிலிருந்து திருச்சி வந்து சேர்ந்தபோதுதான் காரணம் தெரிந்தது. அவனுக்குச் சட்னி இட்லியைத் தொடக் கூடாது. தண்ணீர் நீலப் பாட்டிலில்தான் வர வேண்டும். சித்தி எவர்சில்வர் டம்ளரில் கொடுத்திருந்தார். அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை, எங்களுக்குச் சொல்லத் தோன்றவில்லை.

பராமரிப்பவர் சில மணி நேரமோ சில நாள்களோ இளைப்பாறுவதற்காக அந்தப் பொறுப்பை இன்னொருவர் ஏற்றுக்கொள்வதைத்தான் ரெஸ்பைட் கேர் என்கிறார்கள். ஓய்வுப் பராமரிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு ஒருவர் வரலாம், பகல்நேர மையத்தில் விடலாம், சில நாள்கள் தங்கவைக்கும் இல்லத்திலும் விடலாம். பெரும்பாலான வீடுகளில் இதைத் தேடத் தொடங்குவது யாராவது கீழே விழுந்த அன்றைக்குத்தான். எனக்குத் தெரிந்து பெரிய தவறு இதுதான். மற்றவை பலவும் இதற்குப் பிறந்த பிள்ளைகள். மாற்றம் என்றாலே கலங்குகிற ஒருவனை, அம்மா காணாமல் போன அதே நாளில், புது இடத்தில் புது முகங்களிடம் ஒப்படைத்தால் அவன் வேறு என்ன செய்வான்?

நாங்கள் பிறகு செய்தது இது. தெரிந்த ஒரு சிறப்புக் கல்வி ஆசிரியை வாரம் ஒரு நாள் வந்தார். முதலில் அரை மணி நேரம், அம்மா அடுக்களையிலேயே இருந்தார். பிறகு அம்மா தெருமுனைக் கடைவரை போய்வந்தார். பிறகு ஒரு பிற்பகல் முழுவதும். ஓர் இரவு வெளியே தங்கும் அளவுக்கு வர ஐந்து மாதம் ஆயிற்று. இடையில் இரண்டு முறை தோற்றுப்போய் முதலிலிருந்து தொடங்கினோம்.

சொல்லாமல் நழுவுவது அடுத்தது. அவன் தொலைக்காட்சி பார்க்கும்போது பின்வாசல் வழியாகப் போய்விடுவது நம் ஊரில் ஒரு கலை. அன்றைக்கு அழுகையைத் தவிர்த்துவிடலாம்தான். ஆனால் அடுத்த வாரம் அம்மா புடவை மாற்றினாலே அவனுக்குப் பதற்றம் வந்துவிடும். பேச்சு குறைவாக இருப்பவருக்குப் படம் உதவும். எங்கள் வீட்டுக் காலண்டரில் அம்மாவின் புகைப்படம், ஆசிரியையின் புகைப்படம், மறுபடி அம்மாவின் புகைப்படம் என்று மூன்றை வரிசையாக ஒட்டினோம். அந்த மூன்றாவது படத்தைத்தான் அவன் அடிக்கடி தொட்டுப் பார்ப்பான்.

ஒப்படைக்கும்போது “நல்ல பிள்ளை, ஒரு தொந்தரவும் தர மாட்டான்” என்று சொல்லிவிட்டு வருகிறோமே, அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சேர்த்துக்கொள்ள மாட்டார்களோ என்ற பயத்தில் அவன் கடிப்பதையும், இரவில் எழுந்து கதவைத் திறப்பதையும், வளர்ந்த பையன்களுக்கு வரும் கூச்சமான விஷயங்களையும் மறைக்கிறோம். முதல் இரவே அது வெளிவரும், மறுநாள் காலை தொலைபேசி ஒலிக்கும். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக் கொடுங்கள். எங்கள் நோட்டில் நீலப் பாட்டிலும் சட்னியும் முதல் பக்கத்திலேயே இருக்கின்றன. “‘கரண்ட்’ என்று திரும்பத் திரும்பச் சொன்னால் மின்சாரம் போகவில்லை, அவனுக்குப் பல் வலிக்கிறது” என்று ஒரு வரி இருக்கிறது. மிக்ஸி போடுமுன் அவனிடம் சொல்ல வேண்டும் என்றும் இருக்கிறது.

அந்த நோட்டில் விடவே கூடாதவை இரண்டு. முதலாவது வலிப்பு. ஆட்டிசம் உள்ளவர்களில் வலிப்பு நோயும் இருப்பது மற்றவர்களைவிட அதிகம். மருந்தின் பெயர், அளவு, நேரம் மூன்றையும் எழுதுங்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் வைக்கக் கூடாது, கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதால் பயனில்லை, ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவமனைக்கு விரைய வேண்டும் என்பதையும் எழுதுங்கள். இரண்டாவது தண்ணீர். ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பலர் கண் மறைந்த நேரத்தில் வெளியேறிவிடுவார்கள். தண்ணீர் பலரை ஈர்க்கும். காணவில்லை என்றால் கிணறு, வாய்க்கால், குளம் இருக்கும் பக்கம்தான் முதலில் ஓட வேண்டும். காவிரிக் கரையில் இருக்கும் எங்களுக்கு இது வெறும் எச்சரிக்கை அல்ல.

பயணத்தின்போதோ புதியவரிடம் விடும்போதோ “கொஞ்சம் அசந்து தூங்கட்டும்” என்று இருமல் மருந்து கொடுக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளோடு சேர்ந்து அது ஆபத்தாகலாம். உறக்கம் பிரச்சினை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது டைல்ஸையும் ஏசியையும் பார்த்து மயங்குகிறோம். நான் ஒரு கேள்விதான் கேட்பேன்: “இவனுக்குக் கோபம் வந்து தலையை முட்டிக்கொண்டால் என்ன செய்வீர்கள்?” ஒரு தங்குமிடத்தில் “தனி அறை இருக்கிறது, பூட்டிவிடுவோம்” என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். நன்றி சொல்லித் திரும்பிவிட்டோம். முன்னறிவிப்பில்லாமல் வந்து பார்க்கலாமா, இரவில் எத்தனை பேர் விழித்திருப்பார்கள் என்பவற்றையும் கேளுங்கள்.

இங்கே என் சொந்தக் கோபம் ஒன்று. “அக்கா இருக்கிறாளே” என்பது ஓய்வுப் பராமரிப்புத் திட்டம் ஆகாது. என் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முந்தைய இரவு தம்பியைத் தூங்கவைத்தது நான்தான். அதை அன்போடுதான் செய்தேன். ஆனால் என்னிடம் யாரும் கேட்கவில்லை. கூடப்பிறந்தவர்களைக் கேளுங்கள், முடியாது என்று சொல்லவும் விடுங்கள்.

அரசு தருவதைக் கேட்டுப் பெறாமல் விடுவதும் நடக்கிறது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தையும் உள்ளடக்கியது. அதன் ‘சமர்த்’ திட்டம் ஓய்வுப் பராமரிப்புக்காகத் தொடங்கப்பட்டது. எல்லா ஊர்களிலும் மையம் கிடையாது என்பதால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும். ‘நிராமயா’ மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய்வரை தருகிறது. மத்திய அரசில் பணிபுரியும் தாய்க்கு 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு; மாற்றுத்திறனாளிக் குழந்தை என்றால் 18 வயது வரம்பு கிடையாது. 18 வயது நிறைந்ததும் சட்டப்படியான பாதுகாவலர் நியமனத்துக்கு மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாங்கள் அதை நான்கு ஆண்டு தள்ளிப்போட்டோம், வங்கியில் மாட்டிக்கொண்டு விழித்தோம்.

கடைசியாக, கிடைத்த ஓய்வை ஓய்வாகக் கழிக்காதது. முதல் பிற்பகல் ஓய்வில் அம்மா அரிசி டப்பாக்களை எல்லாம் கவிழ்த்துத் துடைத்தார். இரண்டாவது வாரம் பரணை ஒழித்தார். மூன்றாவது வாரம்தான் தரையில் பாயை விரித்து இரண்டு மணி நேரம் தூங்கினார். எழுந்ததும் குற்றம் செய்தவர்போல என்னைப் பார்த்தார்.

சென்ற ஆடி மாதம், ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு சமயபுரம் போனார். பஸ் ஏறியதும் ஒரு தடவை, இறங்கியதும் ஒரு தடவை, வரிசையில் நின்றுகொண்டு இரண்டு தடவை ஆசிரியையை அழைத்து, தம்பி சாப்பிட்டானா, அழுதானா என்று கேட்டிருக்கிறார். ஐந்தாவது முறை ஆசிரியை தொலைபேசியைத் தம்பியிடமே கொடுத்துவிட்டார். “அம்மா கோவிலில் இருக்கிறேன்டா” என்று அம்மா தொடங்கியதும் அவன் சொன்னது ஒரே சொல்.

“வை.”